வடித்தவர் பெயர் மறைவு, நடுவர் பெயர் வெளிப்படை

ஆய்விதழ் ஒன்றிலிருந்து வந்த மதிப்பீட்டறிக்கையைச் சென்ற வாரம் நண்பர் ஒருவர் காட்டினார். பதினான்கு மாதக் காத்திருப்புக்குப் பின் வந்தது அது. மொத்தம் இரண்டு வரி. கட்டுரை இதழின் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்றது முதல் வரி. மொழிநடையைச் செம்மைப்படுத்தலாம் என்றது இரண்டாவது. எழுதியவர் யாரென்று தெரியாது. எந்தப் பக்கத்தில் என்ன குறை என்றும் தெரியாது. நண்பர் முனைவர் பட்ட ஆய்வின் ஐந்தாம் ஆண்டில் இருக்கிறார். உதவித்தொகை முடிய ஏழு மாதமே உள்ளது. இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு அவர் எதைத் திருத்துவார்?

அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு பியர்ப் போட்டி. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுத் தொடர்ந்து படிக்கலாம். நான் குடிப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அதற்காக ஒரு விவாதம் வேண்டா.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு பருவம் வருகை ஆய்வாளராக இருந்தேன். நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வீட்டின் கீழ்த்தளத்தில் தமக்கும் நண்பர்களுக்குமாகப் பியர் வடிப்பார். அவர் சேர்ந்திருந்த சிறு குழு ஆண்டுக்கு ஒருமுறை நட்புப் போட்டி ஒன்றை நடத்திவந்தது. நடுவர்களின் மேசைக்குப் புட்டிகளைக் கொண்டுசெல்லவும், எழுதி முடித்த தாள்களைச் சேகரிக்கவும் உதவியாளர்கள் தேவைப்பட்டார்கள். குடிக்காத ஆள் கிடைத்தால் மிகவும் நல்லது, மாலைவரை எண்களைச் சரியாகப் படிப்பார் என்று சொல்லி என்னை அழைத்துப்போனார். அந்த நம்பிக்கையை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழில் 'காய்ச்சுதல்' என்ற சொல்லைக் கேட்டதுமே கள்ளச் சாராயமும் காவல்துறையும் மனத்தில் வந்து நிற்கின்றன. பியர் வேறு வகை. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து அதன் இனிப்பை இறக்குகிறார்கள். அந்த நீரை ஹாப்ஸ் பூக்களோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட்டைச் சேர்த்து இரண்டு மூன்று வாரம் நொதிக்கவிடுகிறார்கள். வாலையில் வடிப்பதில்லை. மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்க வேண்டுமே என்று நம் வீடுகளில் படும் கவலைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வெப்பம், தூய்மை, பொறுமை ஆகிய மூன்றில் ஒன்று பிசகினாலும் புட்டிக்குள் அது தெரிந்துவிடும்.

இந்தப் பொழுதுபோக்கு அங்கும் நெடுங்காலம் சட்டத்துக்குப் புறம்பானதாகவே இருந்தது. 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் திராட்சை மது செய்வோருக்குக் கிடைத்த சலுகை பியருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டத்தின்வழி அது நேரானது. 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை வரி இல்லை. ஆனால் விற்கக் கூடாது. மாநிலங்கள் தனித்தனியே இசைய வேண்டியிருந்ததால், கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் அனுமதித்தன. 'விற்கக் கூடாது' என்ற விதியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நட்புப் போட்டியின் இயல்பே அதிலிருந்து பிறக்கிறது. வென்றவருக்கு ஒரு பட்டுநாடா, சில வேளை ஒரு மூட்டை வாற்கோதுமை. அதற்கு மேல் எதுவும் இல்லாத இடத்தில் மனிதர்கள் எதற்காகப் போட்டியிடுகிறார்கள்? தாங்கள் செய்ததைப் பற்றி, தங்களிடம் பற்றுள்ள நண்பர்கள் அல்லாத ஒருவர் கவனமாக எழுதும் ஒரு பக்கத்துக்காக.

அந்த ஒரு பக்கம் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

புட்டியில் எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. மூடியில் ஏதேனும் அச்சிட்டிருந்தால் கறுப்பு மையால் மறைத்துவிட வேண்டும். வடித்தவரின் பெயர் எழுதிய சீட்டு ரப்பர் வளையத்தால் புட்டியோடு கட்டப்பட்டு வரும்; பதிவு செய்பவர் அதைக் கழற்றிவிட்டு ஓர் எண்ணை ஒட்டுவார். ஒவ்வொருவரும் ஒரே பியரில் இரண்டு மூன்று புட்டிகள் தர வேண்டும். தாம் போட்டிக்குக் கொடுத்திருக்கும் வகையில் ஒருவர் நடுவராக அமரக் கூடாது. ஒரு மேசைக்குக் குறைந்தது இரண்டு நடுவர்கள். பெரும்பாலும் அனுபவம் மிக்கவர் ஒருவர், புதியவர் ஒருவர். இருவரும் முதலில் பேசிக்கொள்ளாமல், முகக்குறிப்புகூடக் காட்டாமல் தனித்தனியே முகர்ந்து, சுவைத்து, எழுதுகிறார்கள். எழுதி முடித்த பிறகே மதிப்பெண்களைச் சொல்கிறார்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் பேசி நெருங்கி வருகிறார்கள்.

தாளை வகுத்தது பியர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பு, 1985இல் தோன்றியது. மொத்தம் 50 மதிப்பெண். நறுமணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10. ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே எழுத இடம் விட்டிருக்கும். அதை வெறுமையாக விடுவது நடுவருக்கு இழுக்கு. மிக மோசமான பியருக்கும் 13க்குக் கீழே போவதில்லை என்பது வழக்கம்; ஒருவர் உழைத்துச் செய்து கொண்டுவந்ததற்கான மரியாதை அது.

நான் நின்றிருந்த மேசையில் ஒரு வெளிர் பியருக்கு ஒருவர் 31 கொடுத்தார், மற்றவர் 22. குறைத்துக் கொடுத்தவர் வெண்ணெய் மணம் வருகிறது என்றார். மூத்த நடுவர் மீண்டும் முகர்ந்தார். பிறகு அவர் சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை. "எனக்கு அந்த மணம் எளிதில் பிடிபடாது. பலருக்கும் அப்படித்தான். நீங்கள் சொன்னால் அது இருக்கிறது" என்றார். டயசெட்டில் என்ற அந்தச் சேர்மத்தை உணரும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். தமக்கு அது குறைவு என்று அவர் அறிந்திருந்தார், எதிரில் இருந்த புதியவரிடம் ஒப்புக்கொள்ளவும் செய்தார். இருவரும் 26இல் உடன்பட்டார்கள். தாளில் அவர்கள் எழுதியதன் சாரம் இது: ஈஸ்ட் தன் வேலையை முடிப்பதற்குள் பியரைக் குளிரவைத்திருக்கக்கூடும், அடுத்த முறை நொதிப்பின் கடைசியில் சற்றே கூடுதல் வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுவையுங்கள், அந்த மணத்தை ஈஸ்ட்டே திரும்ப உட்கொண்டுவிடும். 'இருக்கக்கூடும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வடித்த இடத்தில் நடுவர் இல்லை. புட்டியை மட்டுமே பார்க்கிறார். ஆகவே காரணத்தைத் தீர்ப்பாக எழுதாமல் ஊகமாக எழுதுகிறார்.

நம் துறையில் எத்தனை மதிப்பீட்டாளர்கள் தமக்கு எந்த மணம் தெரியாது என்பதை அறிந்திருக்கிறார்கள்? கள ஆய்வு செய்யாதவரிடம் கள ஆய்வுக் கட்டுரை போகிறது. புள்ளியியலில் பழக்கமில்லாதவரிடம் அட்டவணைகள் போகின்றன. 'இப்பகுதி என் அறிவுக்கு அப்பாற்பட்டது' என்று எழுதிய அறிக்கை ஒன்றைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை.

என் பிழைக்கு வருகிறேன். பிற்பகலில், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பியர்களின் எண்களை மாற்றி அழைத்துவிட்டேன். அடுத்த புட்டியை எடுக்கும்போதுதான் தெரிந்தது. அதற்குள் இரண்டுக்கும் மதிப்பெண் இட்டாயிற்று. வியர்த்துவிட்டது. ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். அவர் தலையசைத்து, இரண்டுக்கும் மாற்றுப் புட்டியைக் கொண்டுவரச் சொன்னார். புதிய தாள்களை எடுத்துவைத்தார். நடுவர்கள் நீரைக் கொப்பளித்து, ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டு மீண்டும் சுவைத்தார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது. இரண்டு மூன்று புட்டிகள் ஏன் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. கடைசிச் சுற்றுக்காக மட்டுமன்று. மனிதர் பிழை செய்வார் என்று முன்பே எண்ணி, அதற்கு ஒரு புட்டியை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆய்வேட்டைத் தவறான தேர்வாளருக்கு அனுப்பிவிட்டோம் என்று தெரிந்தபின் திரும்பப் பெற நம்மிடம் என்ன வழி இருக்கிறது?

இனி நான் உண்மையில் வாதிட விரும்பும் இடம். அந்தத் தாளின் மேற்பகுதியில் நடுவரின் பெயர் இருக்கிறது. நடுவர் சான்றிதழ் பெற்றவராயின் அவருடைய எண்ணும் தகுதிநிலையும் இருக்கின்றன. வடித்தவர் பெயர் மறைந்திருக்க, மதிப்பிட்டவர் பெயர் வெளிப்படையாக இருக்கிறது. நம் ஆய்வுலகில் பெரும்பாலும் இது தலைகீழ். எழுதியவர் யாரென்று பல துறைகளில் மதிப்பீட்டாளருக்குத் தெரியும். பெயரை நீக்கினாலும் தலைப்பு, களம், மேற்கோள்கள் ஆகியவற்றைக் கொண்டு யாருடைய மாணவர் என்பதைச் சொல்லிவிடலாம். மதிப்பிட்டவர் யார் என்பது மட்டும் இறுதிவரை மறைவாகவே இருக்கும். பெயரிட வேண்டியிருந்தால் அந்த இரண்டு வரி அறிக்கையை எவரும் அனுப்பியிருக்க மாட்டார் என்பது என் துணிபு.

அந்த நடுவர்கள் தேர்வு எழுதி வந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொண்ணூறு நிமிடத்தில் ஆறு பியர்களைச் சுவைத்து ஆறு தாள்கள் எழுத வேண்டும். அவற்றைத் திருத்துபவர்கள் மதிப்பெண் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்ப்பதில்லை. குறைகளை உணர்ந்தாரா, உணர்ந்ததைச் சொல்லில் வடித்தாரா, வடித்தவருக்குப் பயன்படும் பின்னூட்டம் கொடுத்தாரா, தாளை முழுமையாக நிரப்பினாரா என்பவற்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. நாமோ முனைவர் பட்டம் பெற்ற மறுநாளே ஒருவரை மதிப்பீட்டாளர் ஆக்கிவிடுகிறோம். மதிப்பிடுவது தனித் திறமை, அதைப் பயில வேண்டும் என்ற எண்ணமே நம்மிடம் இல்லை.

இவ்வளவு ஒழுங்குக்குப் பிறகும் நடுவர் நாக்கு பிழைக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. இராபர்ட் ஹாட்சன் என்பவர் கலிபோர்னிய மாநிலச் சந்தையின் திராட்சை மதுப் போட்டியில், ஒரே புட்டியிலிருந்து ஊற்றியதை நடுவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை வைத்துப் பார்த்தார். 2008இல் வெளியான அக்கட்டுரையின்படி, ஏறத்தாழ பத்தில் ஒரு நடுவரே மூன்று முறையும் ஒரே பதக்க வரிசைக்குள் மதிப்பெண் கொடுத்திருந்தார். இதைக் காட்டிச் சுவைப் போட்டிகளை ஏளனம் செய்யும் கல்வியாளர்கள் உண்டு. அவர்கள் 2014இல் நிப்ஸ் என்னும் எந்திரக் கற்றல் மாநாட்டில் செய்யப்பட்ட சோதனையையும் பார்க்க வேண்டும். வந்த கட்டுரைகளில் ஒரு பகுதியை இரண்டு குழுக்கள் தனித்தனியே மதிப்பிட்டன. ஏறத்தாழ கால்பங்கு கட்டுரைகளில் முடிவு வேறுபட்டது. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை மற்றக் குழு நிராகரித்திருந்தது. இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1982இல் பீட்டர்சும் செசியும் ஏற்கெனவே வெளியாகியிருந்த பன்னிரண்டு உளவியல் கட்டுரைகளை, ஆசிரியர் பெயரையும் நிறுவனத்தையும் மாற்றி, வெளியிட்ட அதே இதழ்களுக்கு அனுப்பினார்கள். மூன்று மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. எஞ்சிய ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன.

நாக்கும் அறிவும் ஒரே அளவில்தான் தடுமாறுகின்றன போலும். வேறுபாடு, தடுமாறும் என்று தெரிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. (பியர் மதிப்பீட்டைத் தாழ்வாகக் கருதும் சமூக அறிவியல் மாணவர்கள் தம் ஆய்வேட்டின் நான்காம் இயலில் பயன்படுத்தும் டி சோதனை எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை தேடிப் பார்க்கலாம். டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த காசெட், நிறுவனக் கட்டுப்பாட்டின் காரணமாக 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908இல் வெளியிட்டது அது.)

இங்கே ஒரு மறுப்பு எழும், எழுவது நியாயமே. பியர் நடுவர் பெயரிடுவதால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. ஆய்வுலகில் இளையவர் ஒருவர் மூத்த பேராசிரியரின் கட்டுரையைக் குறைகூறிப் பெயரிட்டால், அடுத்த நேர்முகத் தேர்வில் அதே பேராசிரியர் எதிரே அமர்ந்திருப்பார். நம் நாட்டில், அதுவும் எல்லோரும் எல்லோருக்கும் உறவுபோல் இருக்கும் சிறிய துறைகளில், இது கற்பனை அச்சம் அன்று. ஆகவே எல்லா மதிப்பீட்டுக்கும் பெயரிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மேலிருப்பவர் கீழிருப்பவரை மதிப்பிடும்போது பெயரிட வேண்டும். கீழிருப்பவர் மேலிருப்பவரை மதிப்பிடும்போது மறைவு இருக்கட்டும். முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குப் புறத்தேர்வாளர்கள் எழுதும் அறிக்கை வாய்மொழித் தேர்வில் எப்படியும் மாணவர் கைக்கு வருகிறது. வானம் இடிந்து விழவில்லை. அங்கே சாத்தியமானது இதழ்களிலும் கருத்தரங்குகளிலும் ஏன் சாத்தியமில்லை?

மற்றொரு குறை அந்தப் போட்டிமுறைக்குள்ளேயே இருக்கிறது. அதை மறைத்துப் புகழ எனக்கு விருப்பமில்லை. பியர் நன்றாக இருக்கிறதா என்பதைக் காட்டிலும், பதிவு செய்த வகைக்கு ஒத்திருக்கிறதா என்பதே கேள்வி. வகைகளின் இலக்கணத்தை விவரிக்கும் கையேடு ஒன்று உண்டு. அற்புதமான பியரைத் தவறான வகையில் பதிந்தால் தோற்றுவிடும். துறை எல்லைகளில் நின்று எழுதும் மாணவர்கள் எல்லோருக்கும் இந்த வலி தெரியும். வரலாற்றிதழ் இது மானிடவியல் என்கிறது, மானிடவியல் இதழ் இது வரலாறு என்கிறது. அந்தக் கையேட்டைக் கொண்டு நம் ஜார்க்கண்டின் ஹண்டியாவையோ, 2021இல் புவிசார் குறியீடு பெற்ற திமாசா மக்களின் ஜூதிமாவையோ மதிப்பிட முடியாது. வாற்கோதுமைக்கு எழுதிய இலக்கணம் அரிசிக்குப் பொருந்தாது. ஆனால் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் அர்ஜென்டினாவிலும் இத்தாலியிலும் தோன்றிய வகைகள் உள்ளூர் வகைகளாகச் சேர்க்கப்பட்டன. கையேடு திருத்தத்துக்கு உட்பட்டது என்பதை அந்த அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் இதழ்களின் 'எல்லையும் நோக்கமும்' என்ற பத்தி கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு வளாகத்தில் பியர்ப் போட்டி நடத்தச் சொல்கிறேன் என்று யாரும் துணைவேந்தருக்கு எழுத வேண்டா. மது மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. உரிமமின்றி வடிப்பதன் விளைவுகளை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மதுவால் நம் ஊர்களில் அழிந்த குடும்பங்களையும் நான் அறிவேன். எடுத்துக்கொள்ளச் சொல்வது அந்தத் தாளை மட்டும்.

நட்பு என்ற சொல்லை நாம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. நம் மாணவர் கருத்தரங்குகளில் 'நட்புமுறைப் போட்டி' என்றால் விதிகள் தளர்வாக இருக்கும். நடுவர் தம் மாணவருக்கே பரிசு கொடுப்பார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் சிறப்பாகச் செய்தார்கள் என்று நன்றியுரையில் ஒரு வரி வரும். பிறகு மூன்று மாதம் மனக்கசப்பு. நான் கண்ட போட்டியில் விதிகள் கடுமையாக இருந்தன. அதனாலேயே மாலையில் பட்டுநாடா பெறாதவர்களும் தம் தாள்களை வாங்கிக்கொண்டு நடுவர்களைத் தேடிப் போய்ப் பேச முடிந்தது. அந்த வெளிர் பியரை வடித்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். முதல் முறை கலந்துகொண்டவர். 26 பெற்ற தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குறைத்து மதிப்பெண் கொடுத்த இளைய நடுவரிடமே நெடுநேரம் நின்று, கீழ்த்தளத்தின் வெப்பத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். தாளில் பெயர் இருந்ததால்தான் யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரிந்தது.

எங்கள் துறையில் ஆய்வு மாணவர்கள் ஆறு பேர் அடுத்த பருவத்தில் தலைக்கு ஓர் இயலைக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெயரும் நெறியாளர் பெயரும் நீக்கி, நன்றியுரையையும் அகற்றி, எண் மட்டும் இட்டுக் கொடுப்போம். ஓர் இயலுக்கு ஓர் ஆசிரியரும் இறுதியாண்டு மாணவர் ஒருவரும் தனித்தனியே படிப்பார்கள். எழுதி முடிக்கும்வரை பேசிக்கொள்ள மாட்டார்கள். தம் மாணவர் இயலை எந்த நெறியாளரும் தொடக் கூடாது. ஆசிரியர் பெயர் தாளில் இருக்கும். மாணவர் விரும்பினால் மட்டும் தம் பெயரைச் சேர்க்கலாம். எண்களை ஒட்டும் பொறுப்பை வேறு துறை நண்பர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். என் திறமையைத்தான் மேலே பார்த்தீர்களே. மூன்று ஆசிரியர்கள் இசைந்துவிட்டார்கள். ஒருவர், பெயரிட வேண்டுமென்றால் யோசிக்க வேண்டும் என்றார். அவர் யோசிப்பதையே நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன்.

படிவத்தின் வரைவு என்னிடம் உள்ளது. வேண்டுவோர் கேளுங்கள், அனுப்புகிறேன். வாதத்துக்கு 20, சான்றுகளுக்கு 12, முன்னாய்வுகளை எதிர்கொண்ட விதத்துக்கு 10, நடைக்கு 5. எழுத்துரு, ஓரவெளி, அடிக்குறிப்பின் வடிவம் முதலிய தோற்றம் அனைத்துக்கும் சேர்த்து 3.